மூன்றாவது வீடு

காலிமுகத்திடலில் வானவில் கொடி பறந்த அதே மாதம், அக்கரைப்பற்றில் இரு பெண்களின் அன்பு நீதிமன்றப் படியேறியது. தலைநகருக்கும் கல்முனைக் கரையோரத்துக்கும் நடுவே தன்பாலீர்ப்பாளர்கள் எப்படி வாழ்கிறார்கள்? ஒரு சிறப்புப் பார்வை.

2022 ஜூன் 25. கொழும்பு காலிமுகத்திடல். பெற்றோல் வரிசைகள் ஊரூராக நீண்டு கிடந்த நாட்கள். ஜனாதிபதி செயலகத்துக்கு முன்னால் அரசாங்க எதிர்ப்புப் போராட்டத்தின் ‘கோட்டா கோ கம’ கூடாரங்கள் முளைத்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. அன்று அந்தக் கூட்டத்துக்குள் வானவில் கொடிகளோடு ஓர் ஊர்வலம் நுழைந்தது. தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்கள், அவர்களின் நண்பர்கள் என்று பலர் அதில் இருந்தார்கள். முகத்தை மூடாமல், கடற்காற்றில் கொடியை விரித்துப் பிடித்தபடி அரசாங்கத்துக்கு எதிராகவும் தங்கள் உரிமைக்காகவும் ஒரே குரலில் கோஷமிட்டார்கள். கொழும்பில் ‘பெருமை’ நிகழ்வுகள் 2005 முதலே நடக்கின்றன. ஆனால் அதுவரை பெரும்பாலும் மண்டபச் சுவர்களுக்குள் நடந்தது அன்று பட்டப்பகலில் வெளியே வந்தது.

அதே ஜூன் மாதம். நாட்டின் மறுகரையில் அக்கரைப்பற்று. தமிழ்நாட்டிலிருந்து ஓர் இளம்பெண் வந்திறங்கினார். இணையத்தில் பழகிய உள்ளூர்ப் பெண்ணோடு சேர்ந்து வாழ வேண்டும் என்பது அவர் விருப்பம். உள்ளூர்ப் பெண்ணின் தந்தை பொலிஸுக்குப் போனார். இருவரும் நீதவான் முன்னால் நிறுத்தப்பட்டார்கள். இருவரையும் மனநல வைத்தியரிடம் காட்டி அறிக்கை பெறும்படி உத்தரவானது.

வயது வந்த இரண்டு பெண்கள். யாரையும் அடிக்கவில்லை, யாரிடமும் திருடவில்லை. ஆனாலும் அவர்கள் புத்தி சரியாக இருக்கிறதா என்று அரசாங்கம் கேட்டது.

காலிமுகத்திடலுக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் ஓர் இரவு பஸ் தூரம்தான். மாலையானால் அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று ஊர் ஊராக ஆளேற்றிக்கொண்டு கொழும்புக்குப் பஸ்கள் புறப்படுகின்றன. வேலைக்கும் படிப்புக்கும் கடவுச்சீட்டுக்கும் போகிறவர்களோடு, தன் ஊரில் சொல்ல முடியாத ஒன்றை மனதில் வைத்திருப்பவர்களும் அந்த இருக்கைகளில் அமர்ந்திருக்கிறார்கள்.

இரண்டு வீட்டுக்கு நடுவில்

அம்பாறைக் கரையோர முஸ்லிம்களின் குடும்ப அமைப்பைத் தெரியாமல் இந்தக் கதை விளங்காது. இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். மகள் பிறந்ததிலிருந்தே வாப்பாவுக்கு வீட்டுக் கணக்கு தொடங்கிவிடுகிறது. வயலில் வந்த காசு, வெளிநாட்டில் உழைத்த காசு எல்லாம் கல்லாகவும் சீமெந்தாகவும் மாறுகிறது. மூத்த மகளுக்குத் தாங்கள் இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, பெற்றோர் அதே வளவில் சிறியதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவதும் உண்டு. தாய்வழிக் குடிகளும், குடிக்கொரு மரைக்காயரைப் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு அனுப்பும் வழக்கமும் இந்த அமைப்பின் தூண்கள். பெண்ணுக்குச் சொந்த வீடு உறுதியாகும் இந்த முறை, தெற்காசியாவில் பல சமூகங்களுக்கு இல்லாத ஒரு பாதுகாப்பு.

ஆனால் இதற்குள் ஓர் ஆண் வாழ்வதற்கு இரண்டே வீடுகள்தான்: உம்மாவின் வீடு, மனைவியின் வீடு. முப்பது வயதாகியும் முதல் வீட்டிலிருந்து இரண்டாவது வீட்டுக்குப் போகாத ஆணை ஊர் கேள்வி கேட்கும். பெண்ணுக்கோ நிலைமை இன்னும் இறுக்கம். வீடு அவளுக்குத்தான், ஆனால் அது கைக்கு வருவது நிக்காஹ்வோடு. அவள் மறுத்தால், அடுத்த தங்கச்சியின் கலியாணம் தள்ளிப்போகிறது என்ற பழியும் அவள் தலையில் விழும்.

மூன்றாவது வீடு என்று ஒன்று இங்கே இல்லை. திருமணம் வேண்டாம் என்பவரும், இன்னோர் ஆணோடோ பெண்ணோடோ வாழ நினைப்பவரும் அதை வெளியே தேடவேண்டியிருக்கிறது. கொழும்பில் ஒரு வாடகை அறை, அல்லது கட்டாரிலோ சவூதியிலோ ஒரு தொழிலாளர் விடுதி. வளைகுடா நாடுகளின் சட்டம் இலங்கையின் சட்டத்தைவிடக் கடுமையானது. அப்படியிருந்தும், ‘ரெண்டு வருஷம் முடியட்டும், பிறகு பார்ப்போம்’ என்று கலியாணப் பேச்சைத் தள்ளிப்போட வெளிநாட்டு வேலையைவிட நல்ல சாட்டு ஊரில் கிடைப்பதில்லை.

தலைநகரம் தரும் மூச்சு

கொழும்பு எதைத் தருகிறது? முதலில், யாரென்று கேட்காத தெருக்களை. அடுத்து, தன்னைப் போன்ற இன்னொருவரை. 1995இல் உருவான ‘கம்பேனியன்ஸ் ஒன் எ ஜேர்னி’ அமைப்பு தன்பாலீர்ப்பாளர்கள் சந்திக்கும் முதல் கூரைகளில் ஒன்றாக இருந்தது. பெண்களுக்கான ஆதரவுக் குழு 1999இல் வந்தது. ரோசானா ஃப்ளேமர் கல்டெரா 2004இல் தொடங்கிய ‘ஈக்குவல் கிரவுண்ட்’ இன்று வரை நிலைத்து நிற்கிறது. கொழும்பு பெருமை நிகழ்வுகள், பட்டம் விடும் விழா, திரைப்பட விழா என்று நகரத்தின் நாட்காட்டியில் இடம்பிடித்தவற்றுக்குப் பின்னால் இந்த அமைப்பு இருக்கிறது. மூன்று மொழிகளிலும் பிரசுரங்கள் வெளியிடுகிறது.

கலையிலும் கொழும்புக்கு நீண்ட வரலாறு உண்டு. 1983 ஜூலைக் கலவரத்தின் நெருப்புக்கு நடுவே வளரும் தன்பாலீர்ப்புள்ள தமிழ்ச் சிறுவனின் கதையை, ஷியாம் செல்வதுரை 1994இல் ‘ஃபனி போய்’ நாவலாக எழுதினார். 2020இல் தீபா மேத்தா அதைப் படமாக்கினார். 2022இல் புக்கர் பரிசு வென்ற ஷெஹான் கருணாதிலகவின் நாவலிலும் கதாநாயகன் ஒரு தன்பாலீர்ப்பாளர்தான். 1990இன் கொழும்பில் கொல்லப்பட்ட புகைப்படக் கலைஞர் அவர். அவருடைய காதலர் ஒரு தமிழர்.

ஆனால் இந்த உலகத்தின் பெரும்பகுதி ஆங்கிலத்தில் பேசுகிறது, மிச்சம் சிங்களத்தில். கல்முனையிலிருந்து வந்து மருதானையிலோ தெஹிவளையிலோ அறை எடுத்திருக்கும் இளைஞருக்கு இரண்டும் தடங்கல். நுழைவுச்சீட்டும் உடையும் முச்சக்கரவண்டிக் காசும் சேர்ந்து ஒரு மாலை விருந்தை அவர் சம்பளத்துக்கு எட்டாததாக்குகின்றன. நகரம் ஊரைவிட்டு முழுதாகத் தூரமும் இல்லை. வாயைத் திறந்தால் ‘நீங்க கல்முனைப் பக்கமா?’ என்று கேட்க வெள்ளவத்தைக் கடையிலும் ஓர் ஊராள் இருப்பார். அறையில் யாரோடு தங்கியிருக்கிறார் என்ற செய்தி, அவர் அடுத்த பெருநாளுக்கு ஊருக்குப் போகுமுன்னரே அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

■ பெட்டிச் செய்தி: சட்டம் சொல்வது

• தண்டனைச் சட்டக்கோவை 1883இல் பிரித்தானிய ஆட்சியில் வந்தது. இந்தியாவின் 1860ஆம் ஆண்டுச் சட்டமே அதன் அச்சு.
• 365ஆம் பிரிவு: ‘இயற்கைக்கு மாறான’ உடலுறவு. உச்சத் தண்டனை 10 ஆண்டு சிறை.
• 365அ பிரிவு: ‘பாரதூரமான இழிசெயல்’. வயது வந்தோருக்கிடையில் என்றால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும்.
• 1995 வரை 365அ ஆண்களை மட்டுமே குறித்தது. அந்த ஆண்டுத் திருத்தம் அதைத் தளர்த்தவில்லை. பெண்களையும் சேர்த்துக்கொண்டது.
• இந்தச் சட்டத்தை விதைத்த பிரித்தானியா, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1967இலேயே வயது வந்த ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

தண்டனையைவிடப் பயம் பெரிது

‘இந்தச் சட்டத்தில் யாரும் சிறைக்குப் போவதில்லையே, பிறகென்ன பிரச்சினை?’ என்று கேட்பவர்கள் உண்டு. 2003இல் இந்தச் சட்டத்தின் கீழ் கைதான இரண்டு ஆண்களின் வழக்கு 13 வருடம் இழுபட்டு 2016 நவம்பரில்தான் உயர் நீதிமன்றத்தில் முடிந்தது. வயது வந்தோர் சம்மதத்தோடு வைத்துக்கொள்ளும் உறவில் அரசு தலையிடக் கூடாது என்பதே இன்றைய சிந்தனை என்று ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், சட்டம் புத்தகத்தில் இருக்கும்வரை தீர்ப்பை மாற்ற இயலாது என்ற நிலையில் நின்றது. சிறைத் தண்டனை ஒத்திவைக்கப்பட்டது. குற்றவாளிப் பட்டம் நீங்கவில்லை.

சிறை அரிது என்பது உண்மை. ஆனால் இந்தச் சட்டம் வேலை செய்யும் இடம் வேறு. கைபேசிச் செயலியில் ஒருவர் அறிமுகமாகிறார். சந்திக்கக் கூப்பிடுகிறார். போன இடத்தில் இன்னும் இரண்டு பேர் நிற்கிறார்கள். கைபேசியைப் பிடுங்கி உரையாடலைப் படமெடுத்துக்கொள்கிறார்கள். பிறகு கேட்பது பணம். ஒருமுறை கொடுத்தால் மறுமுறையும் கேட்பார்கள். பறிகொடுத்தவர் பொலிஸுக்குப் போக முடியாது, ஏனென்றால் அவருடைய முறைப்பாடே அவருக்கு எதிரான வாக்குமூலம் ஆகிவிடும். எல்லோரும் எல்லோரையும் தெரிந்திருக்கும் கரையோர ஊர்களில் மிரட்டுபவருக்கு நீதிமன்றமே தேவையில்லை. ‘உன்ட வாப்பாக்கு அனுப்பட்டா?’ என்ற ஒரு வரி போதும்.

பொலிஸே பயத்துக்குக் காரணமான சம்பவங்களும் பதிவாகியுள்ளன. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2016இல் வெளியிட்ட அறிக்கையில், காரணமின்றித் தடுத்து வைக்கப்பட்டதாகவும் வதைக்கப்பட்டதாகவும் பலர் சொன்னார்கள். 2017இலிருந்து குறைந்தது 7 பேர் வலுக்கட்டாயமான உடற்பரிசோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டதாக 2020இல் அதே அமைப்பும் ஈக்குவல் கிரவுண்டும் வெளிப்படுத்தின. ஒருவரின் மலவாயிலில் குற்றத்துக்குச் சான்று தேடும் இந்தப் பரிசோதனைக்கு மருத்துவ அடிப்படை எதுவும் கிடையாது.

மனநலப் பரிசோதனைக்கும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17இல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. இலங்கை மனநல மருத்துவர்கள் கல்லூரியும் இது நோயல்ல என்று பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறது. அக்கரைப்பற்றுப் பெண்களிடம் தேடப்பட்ட நோய், மருத்துவப் புத்தகத்தில் இல்லாத நோய்.

சொல்லாமல் கட்டிய நிக்காஹ்

ஊரில் தங்கிவிட்டவர்களில் பலர் கலியாணம் செய்துகொள்கிறார்கள். சட்டத்தின் மிக நீண்ட நிழல் விழுவது இங்கேதான், அதுவும் சம்பந்தமே இல்லாத ஒரு பெண்ணின் மீது.

அவளுடைய வாப்பா வாழ்நாள் உழைப்பில் கட்டிய வீட்டுக்குள் மாப்பிள்ளை வருகிறார். ஏன் தன்னைத் தொடுவதில்லை என்று அவளுக்கு விளங்காது. குறை தன்னிடம்தான் என்று நம்பத் தொடங்குவாள். பிள்ளை இல்லையே என்ற கேள்வி அவளிடம்தான் முதலில் வரும். அவர் மீண்டும் வெளிநாடு போனால், அவள் வருடக்கணக்கில் கைபேசித் திரையோடு குடும்பம் நடத்துவாள்.

விலக நினைத்தால் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் குறுக்கே நிற்கிறது. கணவர் காரணம் சொல்லாமல் தலாக் சொல்லலாம். மனைவி ‘பஸ்ஹ்’ என்ற விவாகரத்தைக் கேட்டால் காரணத்தைச் சொல்லி நிரூபிக்க வேண்டும். ஆண்கள் மட்டுமே காழியாக இருக்கக்கூடிய மன்றத்தில், படுக்கையறை விடயத்தை, சாட்சிகளோடு. உண்மையைச் சொன்னால் கணவரின் மானம் போகிறது, மறைத்தால் அவளுடைய வாழ்க்கை போகிறது. அந்தச் சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையிலான குழு, 2018இல்தான் அறிக்கை கொடுத்தது. கரையோரத்துப் பெண்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் காழி நீதிமன்றச் சீர்திருத்தமும், தன்பாலீர்ப்பாளர் கேட்கும் சட்ட நீக்கமும் சந்திக்கும் வீடு இது. மகனை வற்புறுத்திக் கட்டி வைக்கும் ஒவ்வொரு குடும்பமும் இன்னொரு குடும்பத்தின் மகளையும் அதே கிணற்றில் இறக்குகிறது.

மார்க்கம் என்ற கேள்வி

ஓரினச் சேர்க்கை பாவம் என்பதே உலமாக்களின் பொதுவான நிலைப்பாடு. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் ஒன்று பாவமா என்பதும், அதற்காக ஒருவரைப் பொலிஸ் பிடிக்க வேண்டுமா என்பதும் தனித்தனிக் கேள்விகள். 365அ பிரிவு ஷரீஆவிலிருந்து வரவில்லை, லண்டனிலிருந்து கப்பலேறி வந்தது. உஸ்மானிய சாம்ராஜ்யம் தன் 1858ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தில் இதைக் குற்றமாக வைக்கவில்லை. ஜோர்தானிலும் 1951 முதல் குற்றமில்லை. பிறர் அந்தரங்கத்தைத் துருவுவதையும் புறம் பேசுவதையும் குர்ஆன் தடுக்கிறது. ஒழுக்கக் குற்றச்சாட்டுக்கு நான்கு சாட்சி கேட்கிறது. இணைய உரையாடலைப் படமெடுத்து ஊர் வட்ஸ்அப் குழுவில் போடுபவர் இவற்றில் எதைப் பின்பற்றுகிறார்?

தொழுகையை விடாத, நோன்பை விடாத தன்பாலீர்ப்பாளர்கள் எல்லா முஸ்லிம் ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பேசிய தென்னாபிரிக்க இமாம் முஹ்சின் ஹென்ட்ரிக்ஸ் 2025 பெப்ரவரி 15இல் சுட்டுக் கொல்லப்பட்டார். தானும் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒதுக்கப்பட்ட முஸ்லிம்களுக்காகப் பள்ளிவாசல் நடத்தியவர் அவர்.

2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்கும் சாய்ந்தமருது குண்டுவெடிப்புக்கும் பிறகு இந்தக் கரையோரம் முழுவதும் சந்தேகக் கண்ணால் பார்க்கப்பட்டது. வெளியார் சுட்டுவிரல் நீட்டும்போது உள்விவகாரம் பேசக் கூடாது என்ற எண்ணம் அதன்பின் இன்னும் இறுகியது. அந்தக் காயம் உண்மையானது. அதன் பேரில் சொந்தப் பிள்ளைகளை ஊமையாக்குவது நியாயமாகாது.

மதுரையும் கொச்சியும்

அக்கரைப்பற்றில் நடந்ததற்கு மூன்று வாரம் முன்புதான், 2022 மே 31இல், கேரள உயர் நீதிமன்றத்தில் ஆதிலா நஸ்ரின் ஓர் ஆட்கொணர்வு மனுவோடு நின்றார். அவரும் ஃபாத்திமா நூறாவும் சவூதியில் பள்ளிக்கூடத் தோழிகள், இருவரும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். நூறாவைக் குடும்பம் பிரித்து வைத்திருந்தது. நீதிபதிகள் நூறாவிடம் விருப்பம் கேட்டார்கள். அவர் ஆதிலாவோடு போக விரும்புவதாகச் சொன்னார். சேர்ந்து வாழத் தடையில்லை என்று வழக்கு முடிந்தது.

அதற்கு ஓராண்டு முன் மதுரைப் பெண்கள் இருவர் வீட்டைவிட்டுச் சென்னைக்கு வந்தபோது, பெற்றோர் பொலிஸில் முறையிட்டார்கள். கதையின் தொடக்கம் அக்கரைப்பற்று மாதிரியேதான். ஆனால் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இந்த விடயத்தில் தெளிவு போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் தானே பாடம் கேட்டார். 2021 ஜூன் 7இல் அவர் பிறப்பித்த உத்தரவு, ‘குணப்படுத்துகிறோம்’ என்ற பெயரில் நடக்கும் சிகிச்சைகளைத் தடை செய்தது. காணவில்லை என்று புகார் வந்து, விசாரணையில் அவர்கள் வயது வந்த, சம்மதித்த இணையர் என்று தெரிந்தால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு பொலிஸ் புகாரை முடித்துவிட வேண்டும் என்றது. அதன் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு, பொலிஸார் இவர்களைத் துன்புறுத்துவதை நடத்தை விதிகளிலேயே தடை செய்தது.

இந்தியாவில் இதே உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு 2018 செப்டெம்பர் 6இல் தளர்த்தப்பட்டிருந்ததால்தான் இதெல்லாம் நடக்க முடிந்தது. அக்கரைப்பற்று நீதிமன்றத்துக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை.

■ பெட்டிச் செய்தி: இலங்கையில் நகர்ந்தவை, நின்றவை

• 2016: திருநர்களுக்குப் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் வழங்கச் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை.
• 2022 மார்ச்: ரோசானா ஃப்ளேமர் கல்டெராவின் முறைப்பாட்டில், பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்குவது உரிமை மீறல் என்று பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. குழு முடிவு.
• 2023 மே 9: 365, 365அ பிரிவுகளைத் திருத்தும் பிரேம்நாத் தொலவத்தவின் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்ற உயர் நீதிமன்றத் தீர்மானம் பாராளுமன்றத்தில் வாசிப்பு.
• 2024 ஜூன்: பால்நிலைச் சமத்துவச் சட்டமூலத்துக்கு மூன்றிலிரண்டு பெரும்பான்மையும் சர்வஜன வாக்கெடுப்பும் தேவை என்று உயர் நீதிமன்றத் தீர்மானம்.
• 2024 செப்டெம்பர் 24: பாராளுமன்றம் கலைப்பு. தொலவத்தவின் சட்டமூலமும் காலாவதி.

விருந்தாளிக்கு வரவேற்பு

2025 செப்டெம்பரில் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை, தன்பாலீர்ப்புப் பயணிகளை ஈர்க்கும் ஈக்குவல் கிரவுண்டின் திட்டத்துக்கு ஆதரவுக் கடிதம் கொடுத்த செய்தி வெளியானது. கர்தினால் மல்கம் ரஞ்சித் உட்படப் பலர் எதிர்த்தார்கள். சர்ச்சை கொழும்பில் நடந்தாலும் அதன் பொருள் அம்பாறைக்கு நன்றாகத் தெரியும். பொத்துவிலை அடுத்த அறுகம்பையில் அலைச்சறுக்கலுக்கு வரும் வெளிநாட்டு இணையர் ஒரே அறை எடுத்தால், விடுதிக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதே கடற்கரையில் நிந்தவூர் இளைஞர்கள் இருவர் கை கோத்து நடந்தால் மாலைக்குள் இரண்டு குடும்பங்களுக்கும் தொலைபேசி போகும். டொலரோடு வருபவருக்குக் கிடைக்கும் கண்ணியம், இந்த மண்ணில் பிறந்தவருக்குக் கிடைக்காமல் போவதை எந்த நியாயத்தாலும் விளக்க முடியாது.

தமிழில் பேச இடம் உண்டு என்பதை யாழ்ப்பாணம் காட்டிவிட்டது. அண்மைய ஆண்டுகளில் அங்கே தமிழ்ப் பதாகைகளோடு பெருமை நடைபவனிகள் நடக்கின்றன. திருநர் அமைப்புகள் தமிழிலேயே இயங்குகின்றன. கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் நடைபவனி உடனே வரவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. கேட்பது அதைவிடச் சிறியது: பேசப் போனால் வெளியே சொல்லாத ஓர் ஆலோசகர், முறையிடப் போனால் முறைப்பாட்டை மட்டும் எழுதும் ஒரு பொலிஸ் அதிகாரி, வேண்டாம் என்று சொன்னால் கலியாணப் பேச்சை நிறுத்தும் ஓர் உம்மா.

■ பெட்டிச் செய்தி: உதவிக்கு

• 1926: தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசிச் சேவை.
• 1996: மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசர இலக்கம்.
• அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் எச்ஐவி பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். விபரங்கள் இரகசியமாக வைக்கப்படும்.

இனி என்ன?

சட்டம் பற்றிய பந்து இப்போது பாராளுமன்றத்தில். 365ஐயும் 365அவையும் திருத்துவதற்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்பது உயர் நீதிமன்றத்தின் 2023 தீர்மானத்தால் தெளிவாகிவிட்டது. 2024 நவம்பர் தேர்தலில் தேசிய மக்கள் சக்திக்குக் கிடைத்தவை 225இல் 159 ஆசனங்கள். எண்ணிக்கை போதாது என்று சொல்ல இடமில்லை. புதிய சட்டமூலம் வரும் நாளில், திகாமடுல்ல (அம்பாறை) மாவட்டத்திலிருந்து போன உறுப்பினர்களும் எந்தப் பக்கம் என்று காட்டியாக வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. வயது வந்தோரின் உறவு பற்றிப் பெற்றோர் முறையிட்டால் என்ன செய்வது, என்ன செய்யக் கூடாது என்று பொலிஸ் தலைமையகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். மனநல அறிக்கை கேட்கும் கட்டளை வந்தால், இது நோயல்ல என்று கல்முனையின் வைத்தியர்கள் எழுத்தில் பதிலளிக்கலாம். நிக்காஹ்வுக்கு முன் இருவரையும் தனித்தனியே சந்தித்து, மனமுவந்துதான் சம்மதிக்கிறீர்களா என்று கேட்கும் வழக்கத்தைப் பள்ளிவாசல் நிர்வாகங்கள் தொடங்கலாம். இல்லை என்று சொல்பவருக்கு அந்த ஒரு கேள்வி போதும், அவர் கைப்பிடிக்கவிருந்த பெண்ணுக்கும்.